சபையில் எழுந்து பேசுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, காலனியின் இளஞ்செல்வங்களே!

இன்று நம்மைப் பேசப் பணித்துள்ள பொருள், சபையில் அச்சமின்றிப் பேசப் பழகுதல் என்பதாகும். இதற்குத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாம். வழக்கறிஞர் ஒருவரை அழைத்திருக்கலாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருபதாண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் பார்சல் கணக்கு எழுதிவரும் நம்மைச் செயலாளர் ஏன் தேர்ந்தார் என முதலில் வியந்தோம். புலவர் பேசினால், "அவர் புலவர், பேசுகிறார்" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவோம். நம்மில் ஒருவர் பேசினாலோ, "இவரே பேசும்போது நமக்கென்ன" என்னும் துணிவு பிறர்க்கு வரும் என்று அவர் கணக்கிட்டிருப்பார் போலும். அவர் கணக்குப் பிரிவில் பணியாற்றுபவர். ஆதலின் அக்கணக்கில் பிழை இராது என நம்புகிறோம்.

நண்பர்களே, நம் காலனியில் ஊமைகள் எவரும் இலர். ஸ்டேஷன் மாஸ்டராக இருப்பவர் இரவு முழுதும் கண்ட்ரோல் டெலிபோனில் பேசுகிறார். எந்த வண்டி, எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எந்தப் பாதையில் நிற்கிறது என்று இரண்டு வரியில் சொல்லி முடிக்கிறார். அடுத்த நிலையத்தோடு பிரைவேட் நம்பர் மாற்றிக்கொள்ளும்போது ஓர் இலக்கம் கூடத் தடுமாறுவதில்லை. மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யும் வரை விடுவதுமில்லை. ஒரு சொல் பிறழ்ந்தால் உயிர்கள் போகும் இடத்தில் அவர் குரல் நடுங்குவதில்லை. அவரையே பொங்கல் விழாவில் இரண்டு நிமிடம் நன்றியுரை கூறச் சொல்லுங்கள். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பார். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்ப்பார். "எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்கி, அதனை மெய்ப்பித்துவிட்டு இறங்குவார்.

இதற்குக் காரணம் யாது? டெலிபோனில் பேசும்போது அவரிடம் ஒரு செய்தி உண்டு. அதனைக் கேட்க வேண்டிய ஒருவர் மறுமுனையில் உண்டு. மேடையிலோ, தம்மைக் காட்டிக்கொள்ள நிற்பதாக எண்ணிவிடுகிறார். செய்தி பின்னே போய்விடுகிறது. சட்டையும் குரலும் இலக்கணப் பிழையும் முன்னே வந்துவிடுகின்றன. சபை அச்சம் என்பதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது என்பது நமது கருத்து.

நெஞ்சு படபடத்தல், வாய் உலர்தல், விரல் நடுங்குதல் ஆகியவற்றைப் பற்றியும் ஒரு சொல். அஞ்சும்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தம் செய்கிறது என்பர் மருத்துவர். பழகிய பேச்சாளர் பலர்க்கும் இது உண்டு. இரண்டு முறை மூச்சை மெல்ல இழுத்து விட்டு, ஒரு மிடறு தண்ணீர் அருந்தித் தொடங்கினால், சிறிது நேரத்தில் உடல் தானே அடங்கும். இதற்குமேல் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் நாம். நம்மைப் போன்ற ஒரு கூட்டத்தின் நடுவே முதன்முதலாக வாய் திறந்த ஒருவரைப் பற்றி இங்கே கூறுதல் பொருந்தும். அவர் காந்தியடிகள். லண்டனில் படித்த நாளில் சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் தம் கருத்தைத் தாளில் எழுதிக் கொணர்ந்தும் படிக்க இயலாமல் பிறரைக் கொண்டு படிக்கச் செய்தார். 1891-இல் நாடு திரும்பியபின் பம்பாய்ச் சிறு வழக்கு மன்றத்தில் முதல் வழக்கிற்கு எழுந்தபோது தலை சுற்றிற்று. ஒரு கேள்வியும் எழவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார். இவற்றையெல்லாம் அவரே தம் வரலாற்றில் ஒளிக்காது எழுதியிருக்கிறார்.

அவர் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் வண்டியினின்று இறக்கிவிடப்பட்டதை இரயில்வே ஊழியராகிய நமக்கு எவரும் நினைவூட்ட வேண்டுவதில்லை. அதற்குப் பின் பிரிட்டோரியா சென்றடைந்தவர், அவ்வூர் இந்தியரை ஒரு வீட்டில் கூட்டுவித்தார். வந்தவர் பெரும்பாலோர் மேமன் வணிகர், இந்துக்கள் சிலர். அங்கே பேசியதையே தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று சொல்லத்தகும் என அவர் குறிக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் வாணிகத்தில் உண்மை. பின்னர், இந்தியர் குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்றார். ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகவும் சொன்னார். கற்க வந்தவர் மூவர்: ஒரு முடிதிருத்துபவர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர். கூட்டங்களும் தொடர்ந்து நடந்தன. ரயில்வே அதிகாரிகளுக்கும் அவர் எழுதினார். அவர்கள் விதிகளின்படியே இந்தியப் பயணிகள்மேல் உள்ள தடைகள் நிற்கமாட்டா என்று காட்டினார். தக்க உடை அணிந்த இந்தியர்க்கு முதல், இரண்டாம் வகுப்புச் சீட்டுகள் வழங்கப்படும் என்று விடை வந்தது. முழு வெற்றி அன்று. ஆயினும் வாய் திறவாதிருந்தால் அதுவும் வந்திராது.

பம்பாயில் எழாத நா பிரிட்டோரியாவில் எழுந்ததன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். இடையில் அவர் எந்தப் பேச்சுப் பள்ளியிலும் சேரவில்லை. பம்பாயில் அவர் முன் இருந்தது பிறர் வழக்கு. பிரிட்டோரியாவில் இருந்தது தம் மக்கள் வழக்கு. பொருளை ஆயத்தம் செய்துகொண்டும் சென்றிருந்தார்.

திருவள்ளுவர் அவையறிதல் என்னும் அதிகாரத்தை முன்னே வைத்து, அவையஞ்சாமையை அதனை அடுத்து வைத்தார். இரண்டும் பொருட்பாலில் அமைச்சியலின் இறுதி அதிகாரங்கள். பேச்சை அலங்காரமாகக் கருதாது, காரியம் நடத்துவோர்க்கு வேண்டிய கருவியாக அவர் கருதினார் என்பதற்கு அவ்விடமே சான்று. கேட்போர் யார், அவர்க்கு வேண்டுவது யாது என்று அறிந்தவனிடம் அச்சம் பாதி ஒழிந்துவிடுகிறது.

சில ஆண்டுகட்கு முன் நாம் வேறோர் ஊரில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அதிகாரி ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். நம்மவருள் மூத்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் அழகாக எழுதிய விண்ணப்பத்தைப் படித்தார். ஊழியர் நலன், நிர்வாகத்தின் கடமை, குடிமக்களின் உரிமை எல்லாம் அதில் இருந்தன. எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் இல்லை. அதிகாரி இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பின்வரிசையிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் எழுந்தார். ஆண்பாலும் பெண்பாலும் மயங்கிய இந்தியில் அவர் கூறியது இவ்வளவே: எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள், காலை ஐந்தரைக்கு வரும் தண்ணீர் ஐந்தேமுக்காலுக்கு நின்றுவிடுகிறது, கடைசி மூன்று வீடுகளுக்கு ஒரு குடம் கூட எட்டுவதில்லை, தெருக் கோடியில் உள்ள வால்வு முழுதும் திறப்பதில்லை, நாளைக் காலை ஐந்தரைக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அமர்ந்துவிட்டார். அதிகாரி வரிசையின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த வாரமே வால்வு மாற்றப்பட்டது. "அக்கா, இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?" என்று பெண்கள் கேட்டதற்கு அவர், "தைரியமா? தினமும் குடத்தோடு நிற்கிறது நான்தானே" என்றார்.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறோம். அது குழந்தைகளைப் பற்றியது.

நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்கட்கு வீட்டு மொழி. "சாப்பிட வா", "விளக்கை அணை" என்ற அளவில் நிற்கும் மொழி. நான்கு பேர் முன் தமிழில் ஒரு கருத்தைச் சொல்ல அவர்கட்கு இந்த ஊரில் உள்ள ஒரே இடம் இந்தச் சங்க மேடை. அந்த மேடையில் நாம் செய்வது என்ன? பேச்சுப் போட்டி என்று அறிவிக்கிறோம். தந்தை எங்கிருந்தோ அடுக்குமொழி நிறைந்த ஒரு பேச்சை எடுத்துத் தருகிறார். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்குத் தாய் அதனை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் உருப்போட வைக்கிறார். குழந்தை மேடையேறி, பொருள் அறியாத சொற்களை ஒரே மூச்சில் பொழிகிறது. நடுவில் ஒரு சொல் நழுவினால் முழு வண்டியும் தடம் புரள்கிறது. முன்வரிசையில் தாய் ஓசையின்றி உதட்டை அசைக்கிறார். குழந்தையின் கண் அவ்வுதட்டிலேயே நிற்கிறது. நாம் இரங்கிக் கைதட்டுகிறோம். ஏழு வயதில் இது அழகு. பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை மேடைக்கு வர மறுக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வந்தபின் சங்கத்திற்கே வருவதில்லை. பொருளறியாது ஒப்பித்த மொழி தனக்கு உரியதன்று என்று அது முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவிற்கு நாம் அதனைக் குறை கூற இயலுமா?

ஒரு பிள்ளை தன் சொந்தப் பேச்சில், தானறிந்ததைச் சொல்லட்டும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது விஜயவாடாவில் வண்டி நின்றதும் அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கியதும், வண்டி நகர்ந்ததும், அம்மா கத்தியதும் எந்தக் குழந்தைக்கும் மனப்பாடம் வேண்டாத பொருள்கள். பாட்டி வீட்டுக் கிணறு, அடைக்கு அரைக்கும் பருப்பு, கபடியில் தோற்ற கதை எதுவும் ஆகும். இடையில் இந்திச் சொல் வந்தால் வரட்டும். நடுவர் மதிப்பெண் குறைக்க வேண்டா. பேசி முடித்தபின் சபையிலிருந்து ஒருவர் ஒரு கேள்வி கேட்கட்டும். பிள்ளை விடை சொல்லட்டும். அந்த ஒரு விடையில் பிறக்கும் துணிவு மூன்று வார உருப்போடலில் பிறக்காது.

செந்தமிழ் கெட்டுவிடும் என்று பெரியவர் சிலர் வருந்துவதை அறிவோம். அவர்கள்பால் நமக்கு மிக்க மதிப்பு உண்டு. நாமும் செந்தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் மேடைத் தமிழ் பிறந்த வரலாற்றை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து அரசியல் மேடைகளில் ஆங்கிலமே ஓங்கியிருந்தது. 1908-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் ஆலைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் பேசினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றனர். மேடைத் தமிழுக்கு இலக்கணமாக நாம் போற்றும் திரு.வி.க. அவர்களோ, ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கெழுதி, பின் பள்ளியாசிரியராகி, 1917-இல் 'தேசபக்தன்' ஆசிரியரானவர். 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர். அவர் தமிழ் ஆலைத் தொழிலாளர் முன் பேசிய தமிழ். கேட்போர்க்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்ற தேவையே அந்நடையை வளர்த்தது. முதலில் வாய் திறக்கட்டும். தமிழ் பிறகு திருந்தும்.

பெரியவர்கட்குப் பயன்படும் சில குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லி அமைகிறோம். பேச்சை முழுதும் எழுதிப் படிக்க வேண்டா. பழைய அட்டைச் சீட்டு ஒன்றில் நான்கு சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் நன்கு நினைவில் வையுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், விழுங்க வேண்டா. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள். அவர்க்குக் கேட்டால் அனைவர்க்கும் கேட்கும். "எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்காதீர்கள். தெரியாவிடில் சபையே கண்டுகொள்ளும். விளிகளைச் சுருக்குங்கள். "அவர்களே, அவர்களே" என்று ஐந்து நிமிடம் அடுக்கியபின் சொல்ல வந்தது மறந்து போவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நாம் இன்று ஐந்து விளிகளோடு நிறுத்திக்கொண்டதைச் செயலாளர் கவனித்திருப்பார். சொல்ல வந்தது முடிந்ததும் அமர்ந்துவிடுங்கள். முடிவுரைக்கு ஒரு முடிவுரை தேட வேண்டா.

செயற்குழு இசைந்து அறிவிக்கச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடத்தில் பேச்சுப் பழகும் கூட்டம் நடைபெறும். ஒருவர்க்கு மூன்று நிமிடம். மணியடிக்க ஒருவர் இருப்பார். பொருள் அவரவர் விருப்பம், மனப்பாடம் கூடாது. இரவுப் பணியில் இருப்போர் அடுத்த மாதம் பேசலாம். பெண்களின் பெயர் முதலில் அழைக்கப்படும். இல்லாவிடில் ஆண்களே ஆறரை வரை பேசிவிடுவார்கள் என்பது அனுபவம். முதற் கூட்டத்திற்கு இதுவரை நால்வர் பெயர் தந்துள்ளனர். அவர்களில் இருவர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் ஓய்வுபெற்ற கார்டு, ஒருவர் இதுவரை எந்த மேடையிலும் ஏறாத ஓர் அம்மையார். பெயர்ப் பட்டியல் நூலக மேசையில் உள்ளது. பேனா கட்டி வைத்திருக்கிறோம். தேநீர் சங்கத்தின் செலவு.