கடன் ஏடும் பணி ஆணையும்



நம் முன்னோரைப் பண்ணையில் கட்டிப்போட்டது சங்கிலி அன்று, கடன். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அக்கடனைச் செல்லாததாக்கிற்று. ஆயினும் கடன் நம்மை விட்டகலவில்லை. படித்துத் தேறிய நம் பிள்ளை பணிக்குச் செல்லும் வாயிலில் அது இன்று காத்து நிற்கிறது.

பாரத ஸ்டேட் வங்கி 2020இல் அதிகாரிப் பணிக்கு விடுத்த அறிவிப்பில் ஒரு விதி இருந்தது. கடனையோ கடன் அட்டை நிலுவையையோ செலுத்தத் தவறியவரும், சிபில் அறிக்கை எனப்படும் கடன் வரலாற்று ஏட்டில் பாதகமான குறிப்பு உடையவரும் தகுதியற்றவர் என்பதே அது. 2021இல் நியமன ஆணை பெற்ற ஒருவரின் பணி இவ்விதியால் இரத்தாயிற்று. அறிவிப்புக்கு முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். அடைத்தது மட்டும் போதாது, தவறாத ஏடும் வேண்டும் என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் வங்கியின் முடிவை உறுதிசெய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்வோருக்கு நிதி ஒழுக்கம் இன்றியமையாதது என்பது அதன் கருத்து.

மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆம் விதியும், தொடர்ந்து கடன்படுவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கடனுக்காக வழக்குத் தொடரப்பட்டால் ஊழியர் உடனே அரசுக்கு அறிவித்தல் வேண்டும். எனினும், முன்னறிய இயலாத சூழலால் நேர்ந்தது, ஊதாரித்தனத்தால் அன்று என மெய்ப்பிக்க அவ்விதியில் இடமுண்டு. மெய்ப்பிக்கும் பொறுப்பு ஊழியருடையதே.

நமக்கு இடர் இங்கேதான். வசதியுள்ள வீட்டில் தவணை தவறும் நிலை வந்தால் மாமனோ சிற்றப்பனோ கட்டிவிடுவார். நம் வீட்டில் தந்தை நோயுற்றால் முதலில் நிற்பது கல்விக் கடன் தவணை. தவறிய தவணையை எழுதும் ஏடு, அதன் காரணத்தை எழுதுவதில்லை. இது நீதியா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். கேட்பது வீணாகாது, சிபில் மதிப்பெண் குறைவு என்பதால் மட்டும் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்ததன்றோ!

கேட்கும் அதே வேளையில் நம் பிள்ளைகளைக் காத்தலும் நம் கடமை. மாணவச் செல்வங்களே, ஆண்டுக்கொரு முறை உங்கள் கடன் ஏட்டைக் கட்டணமின்றிப் பெற்றுப் பாருங்கள். பிழை இருப்பின் முறையிடுங்கள். 30 நாள்களுக்குள் அது தீர்க்கப்படல் வேண்டும். தவணை கட்ட இயலாதெனத் தெரிந்தவுடன், தவறும் முன்பே, வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் முத்திரை பெறுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கடன் அடைந்ததும் நிலுவையில்லாச் சான்று பெறுங்கள். ஆராயாமல் எவர் கடனுக்கும் பிணைக் கையெழுத்து இடாதீர்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தது. இனிக் கடன் பத்திரத்தைப் படித்துணரவும் பயிற்றுவிப்போம். தேர்வில் வென்ற பிள்ளை வாயிலில் திருப்பி அனுப்பப்படாதிருக்க, இதுவும் கல்வியே.