சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கட்டட வேலையில் சாரம் சரிந்து கொத்தனாரோ சித்தாளோ விழுந்துவிட்டால், "வேலையைக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டோம், நமக்குப் பொறுப்பில்லை" என்று கூறுவோர் நம்மில் பலர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதில் ஒரே நிலையைத்தான் கொண்டுள்ளன. தமது தொழிலுக்காக ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்குபவரிடமே தொழிலாளி இழப்பீடு கோரலாம். கொடுத்த தொகையை அவர் ஒப்பந்ததாரரிடம் பின்னர் வசூலித்துக்கொள்ளலாம். தாம் குடியிருக்க வீடு கட்டுபவரை இவ்விதி நேராகச் சுட்டவில்லை என்பது உண்மையே. விற்பதற்கென்று கட்டுவோர் அந்த நிழலில் ஒதுங்க இயலாது.

"தலைக்கவசம் கொடுத்தோம், அவர் அணியவில்லை" என்பதும், உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் நேர்ந்தாலோ செல்லாத வாதமாகும்.

நாம் அழுத்திக் கூற விரும்புவது வேறொன்று. மரணம் நேர்ந்த வீட்டில் பெரியவர்கள் அமர்ந்து பேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் கையொப்பம் வாங்கி முடித்துவிடுகிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் இறப்புக்கான இழப்பீட்டை உரிய அதிகாரியிடம் செலுத்தினால்தான் அது கொடுத்ததாகக் கணக்கில் ஏறும். முன்பணமாக மூன்று மாத ஊதியம் வரை மட்டுமே விலக்கு. "இனி எதுவும் கேட்கமாட்டோம்" என்ற எழுத்து செல்லாது. ஒரு மாதத்திற்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும்.

பேசி முடிக்கும் தொகைக்கும் சட்டத் தொகைக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 30 வயதுக்கு அந்த எண் 207.98. ஊதியம் 15,000 ரூபாய் என்றால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஒன்றிரண்டு இலட்சத்தில் முடித்துவைத்தால், மீதி அந்த விதவையின், அநாதைப் பிள்ளைகளின் ஹக் அல்லவா?

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு எமது வேண்டுகோள்: இத்தகைய இறப்புகளில் ஜமாஅத் அலுவலகத்தில் பணப் பட்டுவாடா வேண்டாம். அடக்கச் செலவுக்குத் தரப்படுவதை முன்பணம் என்றே எழுதி வைத்து, இரு தரப்பாரையும் தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு நாமே அழைத்துச் செல்வோம்.