குளிருக்கு முன்னே நடுக்கம்

ஐப்பசி பிறந்ததும் ஊரார் தீபாவளிக்குத் துணி எடுக்கப் புறப்படுவார்கள். நான் பெட்டியிலுள்ள கம்பளியை வெயிலில் உலர்த்தப் புறப்படுவேன். "சென்னையிலே குளிரா?" என்று வானொலிப் பெட்டிக்கு அப்புறம் நீங்கள் நகைப்பது எனக்குக் கேட்கிறது. சனவரி மாதத்திலும் இங்கே 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் இரவுகள் சிலவே. உறைபனி படியும் உதகமண்டலத்தார் அஞ்சலாம், உனக்கென்ன என்பீர்கள்.

ஆனால் என் வீட்டு மாடத்தில் எனக்கொரு சாட்சி உண்டு; தேங்காயெண்ணெய்ப் புட்டி. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். எண்ணெயே உறையும்போது நான் நடுங்குவதில் என்ன குற்றம்? புட்டியில் வெண்மை கண்டதுமே, மறுநாள் விடியலின் தண்ணீர்ச் செம்பு என் கண்முன் வந்து நிற்கும். காற்றைவிடத் தண்ணீர் உடலின் வெப்பத்தைப் பன்மடங்கு விரைவாகக் கவரும் என்று பௌதிக நூல் கூறுகிறது. அதைப் படித்தது முதல் என் அச்சத்துக்கு விஞ்ஞானத்தின் ஆதரவும் கிடைத்துவிட்டது. முதற் செம்பைத் தூக்கிக்கொண்டு நான் தயங்கி நிற்கும் நேரத்தில் மூவர் குளித்துவிடலாம். ஊற்றிய பின்போ, ஒன்றுமில்லை!

இலக்கியமும் என் பக்கமே. ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்த நம் முன்னோர், முன்பனி, பின்பனி என இரண்டைப் பனிக்கே ஒதுக்கினர். நக்கீரரின் நெடுநல்வாடையில் கோவலர் தீக்காய்ந்த கைகளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு பல் நடுங்க நிற்கின்றனர். கறவைப் பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. விசிறி வேலையற்றுத் தொங்குகிறது. பேகனோ மயிலுக்கே போர்வை ஈந்தான். ஆடும் மயிலைக் கண்டு, குளிரால் நடுங்குகிறது என்று எண்ணியவன், தானும் குளிருக்கு அஞ்சியவனாகவே இருத்தல் வேண்டும். இது என் சொந்த ஆராய்ச்சி; புலவர்கள் பொறுத்தருள்க.

ஆயினும் அதே நெடுநல்வாடையின் இறுதியில் ஒரு சங்கடம் இருக்கிறது. வாடை வீசும் நள்ளிரவில், பாசறை வேந்தன் உறங்காமல் எழுந்து, நழுவும் மேலாடையை இடக்கையால் தழுவிக்கொண்டு, புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான். நள்ளிரவில் நானும் எழுவதுண்டு. சாளரம் இறுக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அவ்வேளையில் தெருமுனையிலிருந்து, சாக்கைப் போர்த்துக் காவலிருக்கும் முதியவரின் இருமல் கேட்கும்.

சென்ற மார்கழியில், என் கம்பளிகள் இரண்டில் ஒன்றை எடுத்துச்சென்று அவரிடம் நீட்டினேன். அவர் கம்பளியைப் பார்த்தார். தலையில் துண்டும் காதில் பஞ்சுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"வேண்டாங்க ஐயா, உங்களுக்குத்தானே குளிர் அதிகம்?" என்றார்.