நூலக மென்பொருளும் ஒற்றை மேற்கோள் குறியும்

(சோளிங்கரில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறித் துறையில் யாரைக் கேட்டாலும் "லைப்ரரி மேனேஜ்மெண்ட்தான் சார் புராஜெக்ட்" என்கிறார்கள். நல்லது. அதில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஆசிரியர் பெயர் தேடும் பெட்டியில், அமெரிக்க நாடக ஆசிரியர் ஓ'நீல் பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள். தரவுத்தளப் பிழை என்று செய்தி வந்தால், கதவு திறந்து கிடக்குதுன்னு அர்த்தம்.

எஸ்.க்யூ.எல். மொழியில் எழுத்துத் தொடருக்கு வேலி ஒற்றை மேற்கோள் குறிதான். பெயருக்குள் இருக்கும் குறி அந்த வேலியை நடுவிலேயே மூடிவிடுகிறது. மிச்சத்தைத் தரவுத்தளம் கட்டளையாகப் படிக்கிறது. ஓ'நீலால் ஆபத்தில்லை. விஷயம் தெரிந்தவன் அந்த இடத்தில் வேறு கட்டளையை எழுதினால், யார் வீடு எங்கே, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது வரை இழுத்துவிடலாம்.

நூலகச் சீட்டில் 'தலைப்பு' என்ற இடத்தில் ஒருவன் 'என் அபராதத்தை அடித்துவிடவும்' என்று எழுதினால் என்ன ஆகும்? நூலகர் அந்தப் பெயரில் புத்தகம் தேடிவிட்டு "இல்லப்பா" என்பார். அபராதத்தை அடிக்க மாட்டார். கணிப்பொறிக்கும் இதைத்தான் சொல்லித்தரணும். மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு வினவலை முதலில் தயார் செய்யுங்கள். வாசகர் அடித்ததைத் தனியாக அனுப்புங்கள். பி.எச்.பி.யில் இதற்கு பி.டி.ஓ. இருக்கிறது. பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகளை 2015-இல் வந்த பி.எச்.பி. 7-லேயே நீக்கிவிட்டார்கள், சீனியர் கொடுத்த கோடு என்று காப்பி அடிக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா, இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல். அதிலேயே 2015-இல் இந்த ஓட்டை தெரியவந்தது. ஒன்று, வாசகர் பக்கத்தில் வெறும் எண் வாங்கும் இடம்! இன்னொன்று, ஊழியர் பக்கத்து அறிக்கை. 3.20.1 முதலான பதிப்புகளில் அடைத்தார்கள்.

கேள்விக்குறி எல்லா இடத்துக்கும் உதவாது. தலைப்பு வாரியாக அடுக்குவதா, ஆசிரியர் வாரியாகவா என்ற பத்திப் பெயரை அப்படி அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களை நிரலிலேயே வைத்து, அதில் இருந்தால் மட்டும் சேருங்கள். தேடும் பக்கத்துக்குப் புத்தகப் பட்டியலைப் படிக்கும் உரிமை மட்டும் போதும். 'ரூட்' கணக்கு வேண்டவே வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களே, தோல் ஸ்டாக் கணக்கு எழுதும்போதும் இதே முறைதான். புராஜெக்ட் வைவா இருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் லேபுக்கு வாங்க, உங்க கோடைச் சேர்ந்து பார்க்கலாம்.