வழுக்கும் தரையில் கால் ஊன்ற



மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் சறுக்கி விழுகிறார்கள் என்று யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. விழுந்தவர் எழுந்து, ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, பக்கத்து நிரையில் இருப்பவர் பார்த்துவிட்டாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்து, வேலையைத் தொடர்ந்துவிடுகிறார். மணிக்கட்டு முறிந்தால்தான் அது விபத்து. அதுவரைக்கும் அது லயத்தில் சொல்லிச் சிரிக்கிற சமாசாரம். அந்தச் சறுக்கலைப் பற்றியும், அதற்கு நாம் காலில் போட்டுக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

பால்மரம் சீவுவது விடியும் முன்பே தொடங்கும் வேலை. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது நமக்குத் தெரியும். அந்த இருட்டில் தலை விளக்கின் வெளிச்சம் மரப்பட்டையில் விழுகிறதே தவிர, காலடியில் விழுவதில்லை. கையில் தீட்டிய கத்தி. கீழே ஈர இலை. சரிவில் வெட்டிய படி என்றால் ஓரம் கரைந்திருக்கும். இது சீவும்போது. பால் எடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். நாலு கேலன் வாளி இரண்டும் நிறைந்து காண்டாவில் தொங்கினால் தோளில் ஏறுகிற கனம் 35 கிலோவுக்குக் குறையாது. இந்தக் கனத்தோடு இறக்கத்தில் ஒரு கால் வழுக்கினால் மறு காலை ஊன்றித் தப்பிப்பதற்கு நேரம் கிடையாது. வாளி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். சிந்திய பாலுக்குக் கூலி இல்லை. இடுப்பில் அடிபட்டவருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ வேலையே இல்லை.

செம்பனைக் காட்டில் வேறு விதம். வெட்டிப் போட்ட மட்டை மழையில் நனைந்தால் வாழைப்பழத் தோல்தான். உதிரிப் பழம் காலடியில் உருளும். நசுங்கினால் எண்ணெய் கசியும். மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முள், மெல்லிய சிலிப்பரின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். முள் ஏறிய கால் சீழ் பிடித்து வாரக் கணக்கில் நொண்டியவர்கள் ஒவ்வொரு டிவிசனிலும் இருப்பார்கள்.

இங்கே நம் பெரியவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். "வெறுங்கால்தான் நல்ல பிடிப்பு. விரலால் மண்ணைப் பற்றிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள், சப்பாத்து போட்ட நீங்கள்தான் விழுகிறீர்கள்" என்பார்கள். இது வீண் பேச்சு அல்ல. பாதத்தின் தோல் மெதுவானது, வளையக்கூடியது. பத்து விரலும் தனித்தனியே மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊன்றுகின்றன. வழவழப்பான அடியுள்ள ஒரு மலிவுச் செருப்பைவிட வெறுங்கால் நிச்சயமாக மேல். ஆனால் அந்த வெறுங்காலுக்கு முந்திய தலைமுறைகள் கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் இருந்து பாதத்துத் தோல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அது குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி, ஆளை வெளுக்க வைத்து, மூச்சு வாங்க வைத்துவிடும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிறது. காலில் சிறு கீறல் இருந்தால் போதும், வழி கிடைத்துவிடும். கெடா, பெர்லிஸ் பக்கத்துக் காடுகளில் இருக்கிற குழிவிரியன், இலைச் சருகோடு சருகாக அசையாமல் கிடந்து, மிதித்தவர் காலைத்தான் கடிக்கிறது. இனிப்புநீர் நோய் உள்ளவர்களுக்கோ காலில் பட்ட காயம் உணர்வதும் இல்லை, எளிதில் ஆறுவதும் இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது வெறுங்காலைப் போலப் பற்றுகிற, அதே சமயம் காலை மூடிக் காக்கிற ஒரு பொருள்.

அது எப்படிப் பற்றுகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். தரைக்கும் காலணிக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் புகுந்துகொள்வதால்தான் வழுக்குகிறது. அது தண்ணீராக இருக்கலாம், குழைந்த களிமண்ணாக இருக்கலாம், பாசியாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம். குளிர் நாடுகளில் பனிக்கட்டி படிந்த பாதையில் மக்கள் விழுவதும் இதனால்தான். பனிக்கட்டி பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் அதன் மேற்பரப்பில் நீர் போல இளகிய மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைவிட, உருகத் தொடங்கும் பனிக்கட்டிதான் அதிகமாக வழுக்கும். அந்தப் படலத்தைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டு, தரையின் மேடு பள்ளத்தில் தானும் படிந்து உட்காருகிற அடிதான் நல்ல அடி. அதற்கு இரண்டு குணம் வேண்டும். தண்ணீரும் சேறும் ஓட இடைவெளி வேண்டும். அடிப்பாகம் இளகியதாக இருக்க வேண்டும்.

இந்த இளகிய குணத்துக்கு நம் பால்மரத்தை மிஞ்சியது சொற்பம். 1820களில் பிரேசில் நாட்டு ரப்பர் சப்பாத்துகள் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போயின. பனியில் நனையாத காலணி என்று மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் அது பச்சை ரப்பர். குளிரில் கல்லாக இறுகியது, கோடையில் பிசுபிசுவென்று ஒட்டியது. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்ட பிறகே அந்தக் குறை தீர்ந்தது. அப்படிப் பக்குவப்படுத்திய இயற்கை ரப்பர் கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும். பனிக்காலத்துக்கென்று செய்கிற டயர்களில் அதைக் கூடுதலாகச் சேர்ப்பது அதற்காகத்தான். நாம் மங்கில் பிடிக்கிற பால் எங்கோ பனியில் ஓடுகிற வண்டியை வழுக்காமல் காக்கிறது. அந்தப் பாலைச் சுமக்கிறவர் காலில் பல் தேய்ந்த சிலிப்பர் இருப்பதுதான் நமக்கு உறுத்தலாக இருக்கிறது.

நம் நாட்டில் பனிக்கட்டி கிடையாது என்றும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. சபாவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையின் உச்சியில் சில விடியற்காலைகளில் மெல்லிய பனிக்கட்டி படிவதுண்டு. அந்த மலையில் வழிகாட்டிகளும் சுமை தூக்குகிறவர்களும் என்ன போடுகிறார்கள் தெரியுமா? நம் தோட்டத்துக் கறுப்பு ரப்பர் சப்பாத்தைத்தான் அவர்களில் பலர் போடுகிறார்கள். மலாய்க்காரர்கள் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கிறார்களே, அதே சப்பாத்து. பெயர்தான் அப்படி; அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. முழுதும் ரப்பரில் ஒரே வார்ப்பு, அடியில் பல் பல்லாகக் குமிழ்கள், நனைந்தால் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். விலையும் குறைவு. பெரிய பெரிய பெயர் போட்ட சப்பாத்துகளோடு காட்டுக்கு வருகிற பட்டணத்து இளைஞர்கள், இரண்டாம் முறை வரும்போது இதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

சரிவான ரப்பர் காட்டுக்கு இந்தச் சப்பாத்து போதும் என்பதே நம் எண்ணம். களிமண் தரையில் பற்கள் நெருக்கமாக இருக்கக் கூடாது. நெருங்கிய பல்லில் மண் அப்பிக்கொண்டால் சிறிது நேரத்தில் அடி முழுவதும் ஒரே மண் பலகையாகிவிடும். பிறகு பல் இருந்தும் பயன் இல்லை. பற்கள் தள்ளித் தள்ளி, ஆழமாக இருந்தால் நடக்கிற வேகத்திலேயே மண் உதிர்ந்துவிடும். செம்பனையில் குலை வெட்டுகிறவருக்கு இது போதாது. மேலேயிருந்து விழுகிற குலையின் கனம் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. அவருக்கு முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த, அடி கனமான பூட்ஸ் வேண்டும். மருந்து தெளிக்கிறவருக்கு முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ். அவர் கால்சட்டையை பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் வழிகிற மருந்து நேராக பூட்ஸுக்குள்தான் இறங்கும்.

பாசார் மாலாமில் வாங்கினாலும் சரி, பட்டணத்துக் கடையில் வாங்கினாலும் சரி, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கவிழ்த்து அடியைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் சிறிது பதிந்து, எடுத்ததும் தடம் மறைந்தால் அது இளகிய ரப்பர். நகமே பதியவில்லை என்றால் அது கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கும். பளபளப்பாக இருக்கும், ஈரத்தில் காலை வாரிவிடும். இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். பாதம் வளைகிற இடத்தில், அதாவது விரல்களுக்குச் சற்றுப் பின்னால், அதுவும் வளைய வேண்டும். கடைக்காரர் முகம் சுளிக்கட்டும், ஈரத் துணியை மிதித்துவிட்டு அவருடைய தரையிலேயே ஒரு முறை காலைத் தேய்த்துப் பார்க்கலாம்.

வழுக்குகிற இடம் ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரைக்கும் அடிக்கும் நடுவே ஒன்று. பாதத்துக்கும் சப்பாத்துக்கும் நடுவே மற்றொன்று. அடி எவ்வளவு நன்றாகப் பற்றினாலும், தொளதொளவென்ற சப்பாத்துக்குள் ஈரக் கால் வழுக்கினால் கணுக்கால் பிசகிவிடும். இரண்டு விரலுக்கு நடுவே வார் போட்ட சிலிப்பரைக் காட்டுக்கு வேண்டாம் என்பது இதனால்தான். வேலைக்குப் போடுகிற காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். காலையில் வாங்குவதைவிட மாலையில் வாங்குவது நல்லது. நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் உண்மையான அளவு. குதிகால் மேலே கழன்று வரக் கூடாது. இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்காதபடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அண்ணன் சப்பாத்தைத் தம்பிக்கும், அப்பா பூட்ஸை அம்மாவுக்கும் பழைய துணி திணித்துக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெண்களின் பாதம் ஆண்களின் பாதத்தைவிட ஒடுங்கியது. ஆண்கள் அளவு மட்டும்தான் ஸ்டோரில் இருக்கிறது என்றால், அந்தக் குறையைத் தைரியமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொல்ல உரிமையும் இருக்கிறது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின்படி முதலாளி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. பூட்ஸை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுச் சிலிப்பரில் காட்டுக்குப் போவது யாருக்கும் லாபமில்லை. வேலையில் விழுந்து அடிபட்டால், வலி சிறியதாக இருந்தாலும் அன்றைக்கே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சொக்சோ உதவியைக் கேட்கும்போது அந்தப் பதிவுதான் பேசும்.

ரப்பருக்கு வெயிலும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. சேற்றைக் கழுவி நிழலில் கவிழ்த்துக் காய வையுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் ரப்பர் ஊதிப்போகும். பால் சிந்திப் பற்களுக்கிடையே உறைந்திருந்தால் ஒட்டுப்பாலை உரிப்பது போல உரித்துவிடலாம். எப்போது மாற்றுவது? ஒரு தீக்குச்சியைப் பற்களுக்கு நடுவே படுக்க வைத்துப் பாருங்கள். குச்சி பள்ளத்துக்குள் அமிழ்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பல்லைவிடக் குச்சி உயர்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. குதிகாலையும் முன்பாதத்தையும்தான் பார்க்க வேண்டும். தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும்.

அப்படித் தேய்ந்ததை நாம் என்ன செய்கிறோம்? தூக்கி எறிய மனமில்லாமல், "குளிக்கிற இடத்துக்கு ஆகும்" என்று பின்கட்டில் போட்டு வைக்கிறோம். வீட்டிலேயே அதிகமாக வழுக்குகிற இடம் அதுதான். சோப்புத் தண்ணீர், சிமெண்டுத் தரை, மூலையில் பச்சைப் பாசி. அந்த இடத்துக்குப் பல் தேய்ந்த சிலிப்பரைக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு இரவில் எழுந்து போகிறவர் யாரென்று பார்த்தால், அறுபது எழுபது வயதான பாட்டி. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மறுபடி பழையபடி நடப்பது கடினம். காட்டுச் சப்பாத்தும் அங்கே உதவாது. வழவழப்பான ஈரத் தரையில் நாலைந்து பல் முனை மட்டும் தொட்டால் பிடிப்புக் குறைவு. நெருக்கமாக நுண்ணிய வரிப்பள்ளம் உள்ள, தட்டையான, மெதுவான ரப்பர் அடி வேண்டும், குதிகாலைச் சுற்றி ஒரு வாரும் இருந்தால் நல்லது. பாட்டிக்குப் புதிதாக ஒரு ஜோடி அப்படி வாங்கிக் கொடுத்துவிட்டு, பழைய சிலிப்பரைக் கத்தியால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.