கலிங்கும் வால்வும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நொய்யல் பாயும் நாட்டில் வாழும் நமக்குக் குளத்துக் கலிங்கைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிகுந்து வரும் நீர் கலிங்கின் வழியே வெளியேறுகிறது, கரை பிழைக்கிறது. கூடுதலாகத் தேக்கும் ஆசையால் கலிங்கை மண்ணிட்டு உயர்த்தினால், அடுத்த பெருமழையில் கரையே உடைந்துபோகிறது.

குளத்தைத் தூர் வாரவும் வாய்க்காலைத் திருத்தவும் இன்று நாம் அழைக்கும் பொக்லைன் யந்திரத்திலும் இத்தகைய கலிங்கு ஒன்று உண்டு. அதற்கு ரிலீஃப் வால்வு என்று பெயர். திருச்செங்கோட்டிலிருந்து பல மாநிலங்களுக்கும் செல்லும் ரிக் வண்டிகளுக்கும், நம் டிராக்டருக்கும் அதுவே காவல்.

பம்பு எண்ணெயை உருளைக்குள் அழுத்துகிறது; அவ்வழுத்தமே வாளியைத் தூக்குகிறது. வாளி பாறையில் சிக்கி அசையாதபோதும் பம்பு ஓய்வதில்லை. அழுத்தம் எல்லையை எட்டியதும், வால்வின் சுருள்வில் அமுங்கி வழிவிட, மிகுந்த எண்ணெய் தொட்டிக்கே திரும்புகிறது.

அவ்வழுத்தம் எவ்வளவு? பஸ் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. பொக்லைனிலோ 200 கிலோவும் அதற்கு மேலும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் 200 கிலோ அழுத்தம் சுமார் 15,700 கிலோ விசையைத் தரும். 200 என வகுத்ததை 250 ஆக்கினால், விசை சுமார் 19,600 கிலோவாகிவிடும். மிகுதியான அந்த நான்கு டன்னை ஓஸும் பின்னும் பற்றவைத்த இடங்களும் தாங்கியாக வேண்டும்.

ஓர் ஊரில் தூர் வாரும்போது வாளி மெதுவாக எழுந்தது. மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறதே என்று பலரும் அவசரப்படுத்தவே, ஓட்டுநர் வால்வின் திருகை இறுக்கிவிட்டார். மறுநாள் ஓஸ் வெடித்துச் சூடான எண்ணெய் சிதறியது. தெய்வாதீனமாக எவரும் அருகில் இல்லை. பிறகு பார்த்தால், எண்ணெய் வடிகட்டி அடைபட்டிருந்தது. வால்வில் குறையே இல்லை! வேலை மெதுவாக நடந்தால் எண்ணெய் வரத்தைப் பார்க்க வேண்டும்; பலம் குன்றினால்தான் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அளக்காமல் திருகலாகாது. அளக்கும் முறை இதுதான்: முதலில் எண்ணெய் மட்டத்தையும் வடிகட்டியையும் கசிவுகளையும் பார்க்க வேண்டும். வாளியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, தேங்கிய அழுத்தத்தை நீக்கிய பின்னரே பிரஷர் கேஜை இணைக்க வேண்டும். எண்ணெய் சுமார் 50 டிகிரி வரை சூடேறட்டும். பிறகு உருளையை அதன் எல்லை வரை ஓட்டி, நெம்புகோலைச் சில வினாடிகள் மட்டும் பிடித்து, கேஜ் காட்டும் அளவை யந்திரக் கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, மீண்டும் அளக்க வேண்டும். திருகியும் முள் ஏறவில்லையானால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுருள்வில் ஒடிந்திருக்கலாம், வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். இவ்வேலை தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியது.

மற்றொரு எச்சரிக்கை. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் முள் குத்தியது போலவே தோன்றும். ஆயினும் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையும் கையையும் இழக்க நேரிடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ யந்திரத்தை வாடகைக்கு எடுக்கையில், மணி வாடகையை மட்டும் கேளாதீர்கள். அழுத்தம் கடைசியாக என்று சோதிக்கப்பட்டது, எவ்வளவு இருந்தது என்றும் கேளுங்கள். ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். யந்திரம் பழுதானால் பணம் போகும். ஓட்டுநருக்குத் தீங்கு நேர்ந்தால் ஒரு குடும்பமே தவிக்கும்.

கலிங்கைக் காத்தால் கரை நிற்கும். இந்த வால்வையும் அவ்வாறே காப்போமாக!