எங்களுக்கும் மறதி உண்டு என்று சொல்லிவிட்டோம்

(நோயாளிகளைச் சந்திக்கும் தொண்டர்களின் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வாரந்தோறும் நேரம் ஒதுக்கி நோயாளிகளின் கட்டிலருகே வந்து அமருகிறீர்கள். ஆகவே எங்கள் தவறிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியை எங்கள் வார்டில் இருந்தார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் அவர்களுக்கு. சிகிச்சைக்குப் பின் பார்வை தெளிந்தது, நடையும் சீரானது. வீட்டுக்குப் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் எங்களிடம், "ஐயா, காலு சரியாயிட்டுது. புத்திதான் பழையபடி இல்ல. வகுப்புல ரெண்டு பிள்ளைங்க சேர்ந்து பேசினா ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது" என்றார்கள். நாங்களோ சிரித்துக்கொண்டே, "மறதி எல்லோருக்கும் உண்டு டீச்சர். எங்களுக்கே கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரிவதில்லை" என்று சொல்லி, ஜெபம் செய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். ஆறுதல் சொன்னதாகவே நினைத்தோம். சில மாதங்களில் அவர்கள் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேர் இதோடு வாழ்ந்தார்கள். கால் தள்ளாடுவதும் கண் மங்குவதும் வெளியே தெரியும். சிந்தனை தாமதப்படுவது தெரியாது. 1868இல் பாரிஸ் நகரில் இந்நோயைத் தெளிவாக விளக்கிய ஷார்கோ என்னும் மருத்துவர், நோயாளிகளின் ஞாபகசக்தி குறைவதையும் தம் விரிவுரைகளில் குறிப்பிட்டார். ஆனாலும் அதன்பின் நெடுங்காலம் அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. 1991இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ராவ் குழுவினர் 100 நோயாளிகளையும் நலமாயிருந்த 100 பேரையும் சோதித்தார்கள். நோயாளிகளில் 48 பேருக்கும் மற்றவர்களில் 5 பேருக்கும் அறிவாற்றலில் குறைவு காணப்பட்டது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வெண்ணிறத் தழும்புகள் மட்டுமல்ல, மூளை சிறிது சிறிதாகச் சுருங்குவதும் தெரிகிறது. செய்திகளைப் பல பகுதிகளுக்கும் அனுப்பும் சந்திப்பு போன்ற தாலமஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குகிறது; அந்தச் சுருக்கத்துக்கும் சிந்தனையின் வேகம் குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வேறொன்றும் கண்டறிந்திருக்கிறார்கள். நோயின் தொடக்கத்தில், ஒரே வேலையைச் செய்ய நோயாளியின் மூளை கூடுதலான பகுதிகளை வேலைக்கு இழுக்கிறது. வேலை முடிந்துவிடுகிறது, சோதனையிலும் தேறிவிடுகிறார்கள். அதற்காக அவர்கள் பட்ட பாடு மதிப்பெண்ணில் தெரிவதில்லை.

அப்படியானால் நோயாளி சொல்வதெல்லாம் மூளையின் மாற்றந்தானா? அப்படியும் சொல்ல முடியாது. 2003இல் பெனடிக்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 15 கேள்விகள் அடங்கிய ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அதே கேள்விகளை நோயாளியிடமும் கேட்டார்கள், வீட்டாரிடமும் கேட்டார்கள். வீட்டார் சொன்னது சோதனை முடிவோடு அதிகமாக ஒத்துப்போனது. நோயாளி சொன்னதிலோ மனச்சோர்வின் நிழல் விழுந்திருந்தது. மிகவும் பாதிக்கப்பட்ட சிலர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதும் உண்டு.

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமைதான்" என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மனச்சோர்வும் இந்த நோயில் அதிகம். களைப்பும் தூக்கக் குறைவும்கூடப் புத்தியை மந்தமாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே "என் புத்தி பழையபடி இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் மூளையின் மாற்றம் இருந்தாலும் மனச்சோர்வு இருந்தாலும், அது மருத்துவரின் காதுக்குப் போகவேண்டிய சொல். அடையாளக் குறிகளுக்கு உரிய எண்களைச் சொல்லும் 90 விநாடிச் சோதனை ஒன்று இருக்கிறது. இத்தகைய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்று 2018இல் வெளியான நிபுணர் பரிந்துரைகள் கூறுகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. கட்டிலருகே ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுங்கள். டி.வி. ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள். முக்கியமானதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு வீட்டாரையும் விசாரியுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆசிரியையை வெளிநோயாளர் பிரிவில் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல ஐயா. நீங்களே சிரிச்சப்போ, டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார்கள். கையில் ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார்கள். மாலையில் நான்கு பிள்ளைகளுக்கு, ஒருவர்பின் ஒருவராக, பாடம் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

அன்று முதல், மறதி என்று யாராவது சொன்னால் எங்கள் கண்ணாடிக் கதையை நாங்கள் சொல்வதில்லை. "எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறோம். நீங்களும் அப்படியே செய்யும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.